கோதுமை இறக்கப் போன ஊரில் கிறிஸ்மஸ் தாத்தா

ருமேனியாவின் கான்ஸ்டன்சாவில் 24,000 டன் கோதுமை ஏற்றி, போஸ்பரஸ் நீரிணை தாண்டி, கிரேக்கத்தைச் சுற்றிக்கொண்டு இத்தாலியின் பாரி துறைமுகத்தில் கப்பல் கட்டியபோது மே 6, பொழுது சாய்ந்திருந்தது. நான் அப்போது செகண்ட் ஆபீசர். துறைமுகத்தில் எனக்கு 12 முதல் 6 வரை வாட்ச், அதாவது பணி நேரம். பகலிலும் அதே, ராத்திரியிலும் அதே. மிச்ச நேரத்தில் தூங்கலாம், அல்லது ஊர் பார்க்கலாம். இரண்டும் சேர்ந்து நடக்காது.

கப்பலில் ஏறிய ஏஜென்ட் பேப்பர்களை விரிப்பதற்கு முன்பே எச்சரித்தார். எட்டாம் தேதி ஊர்த் திருவிழா, ரோடெல்லாம் அடைத்துவிடுவார்கள், டாக்சி கிடைக்காது, வெளியே போகிறவர்கள் நடக்கத் தயாராகப் போங்கள் என்றார்.

"யாருக்குத் திருவிழா?"

"சான் நிக்கோலா."

"எந்த நிக்கோலா?" என்று கேட்டுவிட்டேன். தூத்துக்குடிக்கு வந்து 'எந்த மாதா?' என்று கேட்பவனை நாங்கள் எப்படிப் பார்ப்போமோ, அப்படிப் பார்த்தார். பிறகு கையால் தாடி வரைந்து, தோளில் மூட்டை தூக்கிக் காட்டினார். கிறிஸ்மஸ் தாத்தா! அவர் கல்லறை இங்கேயா இருக்கிறது? கடற்கரைப் பங்கில் பிறந்து, பீடச்சிறுவனாக வளர்ந்தவன் நான். டிசம்பரில் பஞ்சு தாடி ஒட்டிக்கொண்டு மிட்டாய் வீசியிருக்கிறேன். அந்தத் தாத்தாவுக்கு ஒரு கல்லறை உண்டு என்பதே அன்றைக்குத்தான் உறைத்தது.

மறுநாள் சாயங்காலம் வாட்ச் முடிந்ததும் கரையில் இறங்க அனுமதிக்கும் ஷோர் பாஸை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். கூட எங்கள் ஃபிட்டர், கீழக்கரை பாய். பாரியில் துறைமுகமும் பழைய ஊரும் ஒட்டியே கிடக்கின்றன. கேட்டைத் தாண்டிக் கோட்டை ஓரமாக நடந்தால் சந்துகள். ஒரு சந்து இன்னொரு சந்தில் முட்டும், வீட்டு வாசலில் உட்கார்ந்து பெண்கள் மாவை விரலால் அழுத்திக் காதுமடல் மாதிரி பாஸ்தா செய்வார்கள், தலைக்கு மேலே துணி காயும். திடீரென்று சந்து முடிந்து பெரிய வெள்ளைக்கல் கோயில் எதிரே நின்றது. உள்ளே போனோம். கீழறைக்கு இறங்கி முழந்தாளிட்டேன். மெழுகுதிரி ஏற்றினேன். வீடியோ காலில் அம்மாவைக் கூப்பிட்டு, "பாத்துக்கம்மா, கிறிஸ்மஸ் தாத்தா கல்லறை" என்று காட்டினேன். அம்மா அங்கே சிலுவை போட்டுக்கொண்டாள்.

வெளியே வரும்போது கோயில்பிள்ளையிடம் "சான் நிக்கோலா?" என்று சும்மா கேட்டேன். அவர் தலையை ஆட்டி, "சான் சபீனோ" என்றார். அது பேராலயம், ஆயரின் இருக்கை இருக்கும் கோயில். அங்கே வைத்து வணங்கப்படுபவர் கனோசாவின் ஆயராக இருந்த புனித சபீனுஸ். அவரும் ஆயர்தான், அவரும் புனிதர்தான், ஆனால் நான் தேடி வந்தவர் இல்லை. அம்மா இதை எங்கள் தெருவில் ஆறு மாதம் சொல்லிச் சிரித்தாள். பாரிக்குப் போகிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான்: பழைய ஊருக்குள் பெரிய கோயில் இரண்டு. நிக்கோலாஸ் இருப்பது கடல் பக்கமாக உள்ள பசிலிக்காவில். வழி தவறினால் 'கத்தெத்ராலே' என்று கேட்காதீர்கள், 'பசிலிக்கா' என்று கேளுங்கள்.

பசிலிக்கா வெளியிலிருந்து கோயில் மாதிரியே இல்லை, கோட்டை மாதிரி இருக்கிறது. பைசாந்திய ஆளுநரின் மாளிகை இருந்த இடத்தில் எழுப்பியது என்று பிறகு தெரிந்தது. பெரிய வாசலில் இரண்டு கல் காளைகள் தூண்களைச் சுமக்கின்றன. பாய் அரைக்கால் சட்டையில் வந்திருந்தார். வாசலில் நின்றவர் அவர் முழங்காலைக் காட்டிக் கைவிரித்தார். தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். நல்லவேளை, பாய் பையில் ஒரு கைலி எப்போதும் இருக்கும். அதைச் சுற்றிக்கொண்டதும் அந்த ஆள் பெரிய மரியாதையோடு வழிவிட்டார்.

கீழறையில் 26 தூண்கள். நடுவே பீடம், அதன் அடியில் கல்லறை. கம்பிக் கதவுக்கு முன்னால் தலைக்குத் துணி கட்டிய ரஷ்யப் பெண்கள் நெற்றி தரையில் படக் குனிந்து கிடந்தார்கள். ஒருத்தி எழுந்திருக்கவே இல்லை. பக்கத்தில் நின்றவள் ஒரு கத்தைப் பெயர்களைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாக முணுமுணுத்தாள். ஊரில் யார் யாரோ சொல்லி அனுப்பிய பெயர்களாக இருக்கும். வேளாங்கண்ணிக்கு ஒருவர் போனால் தெருவே காணிக்கை கொடுத்து விடுமே, அதே கதைதான்.

அங்கே வெள்ளை அங்கி போட்ட ஒரு டொமினிக்கன் சாமியார் இருந்தார். 1951 முதல் கோயில் அந்தச் சபையின் பொறுப்பில். இந்தியா, கப்பல், கோதுமை என்று சொன்னதும் சாமியாரின் முகம் மலர்ந்துவிட்டது. "கோதுமைக் கப்பலா? அப்படியானால் உங்களுக்குச் சொல்லியே ஆக வேண்டும்" என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்தார்.

நிக்கோலாஸ் பிறந்தது பத்தாராவில், ஆயராக இருந்தது மீராவில். இரண்டும் லீக்கியாவில், அதாவது இன்றைய துருக்கியின் தெற்குக் கரையில். மீராவின் இன்றைய பெயர் தெம்ரே. அங்கே ஒரு முறை பஞ்சம் வந்தது. எகிப்தின் அலெக்சாந்திரியாவிலிருந்து கான்ஸ்டான்டினோபிளுக்கு, இன்றைய இஸ்தான்புல்லுக்கு, கோதுமை கொண்டுபோகும் கப்பல்கள் மீராவின் துறைமுகத்தில் ஒதுங்கின. ஒவ்வொரு கப்பலும் நூறு மரக்கால் மட்டும் இறக்கித் தரவேண்டும் என்று ஆயர் கேட்டார். கப்பல்காரர்கள் சொன்ன பதில்: "சாமி, அலெக்சாந்திரியாவில் அளந்து ஏற்றியது. அரசரின் களஞ்சியத்தில் அதே அளவுக்கு ஒப்படைக்க வேண்டும். குறைந்தால் எங்கள் கதி என்ன?"

நானும் பாயும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பதினேழு நூற்றாண்டு கழிந்தும் இந்த வசனத்தில் ஒரு எழுத்து மாறவில்லை. ஏற்றிய சரக்குக்கான ரசீதில், அதாவது பில் ஆஃப் லேடிங்கில், ஒரு எண், இறக்கிய பிறகு கரையின் எடைமேடை சொல்வது இன்னொரு எண். அரை சதவீதம் வரை பொறுப்பார்கள், அதற்கு மேல் குறைந்தால் ஷார்ட்டேஜ் கிளெய்ம், நஷ்டஈடு கேட்பார்கள். எங்கள் சீஃப் ஆபீசர் அதை நினைத்தே தூங்காமல் இருந்தார். ஆயர் கப்பல்காரர்களிடம் 'குறையாது, நான் பொறுப்பு' என்றாராம். நம்பிக் கொடுத்தார்கள். கான்ஸ்டான்டினோபிளில் அளந்தபோது ஒரு மரக்கால்கூடக் குறையவில்லை.

"டிராஃப்ட் சர்வேக்கு அவரக் கூட்டிட்டு வந்துரலாம் சார்" என்றார் பாய். கப்பல் தண்ணீரில் எவ்வளவு ஆழம் அமிழ்ந்திருக்கிறது என்று பார்த்துச் சரக்கின் எடையைக் கணக்கிடுவதுதான் டிராஃப்ட் சர்வே.

அடுத்த கதை எல்லோருக்கும் தெரிந்தது. ஏழை அப்பனுக்கு மூன்று பெண்கள். சீதனம் கொடுக்க வழியில்லை, பெண்களை விலைமாதர் தொழிலுக்கு அனுப்பும் நிலை. சாமியார் நடுவில் நிறுத்தி, சீதனம் என்றால் என்ன என்று எங்களுக்கு விளக்க ஆரம்பித்தார். "பாதர், அது மட்டும் எங்களுக்கு வேண்டாம்" என்றேன். பாய்க்கு இரண்டு பெண்கள். எனக்கு இரண்டு தங்கச்சிமார். நிக்கோலாஸ் ராத்திரியில் வந்து ஜன்னல் வழியாகத் தங்கம் முடிந்த பையைப் போட்டுவிட்டுப் போகிறார். மூத்தவளுக்குக் கல்யாணம் நடக்கிறது. இன்னொரு ராத்திரி இரண்டாவது பை. மூன்றாவது முறை அப்பன் விழித்திருந்து, துரத்திப் போய்க் காலைப் பிடித்துவிடுகிறான். நான் உயிரோடு இருக்கிறவரை யாரிடமும் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டு போகிறார் நிக்கோலாஸ். அவர் படங்களில் வரும் மூன்று தங்க உருண்டைகள் அந்த மூன்று பைகள்தான்.

"ஜன்னலத் தொறந்து வச்சுத்தான் தூங்கணும் போல" என்றார் பாய்.

நான் சிரிக்கவில்லை. என்னிடம் ஒரு நோட்டு இருக்கிறது. மூத்த தங்கச்சிக்கு எந்தக் கான்ட்ராக்ட் சம்பளத்தில் எத்தனை பவுன், அன்றைக்குப் பவுன் என்ன விலை, இளையவளுக்கு எத்தனை, மாப்பிள்ளை வீட்டுக்குக் கொடுத்த ரொக்கம் எவ்வளவு என்று தேதி வாரியாக எழுதி வைத்திருக்கிறேன். எழுதியதோடு நிறுத்தவும் இல்லை. வீட்டில் எந்தப் பேச்சு வந்தாலும் அது கடைசியில் அந்தக் கணக்கில் போய் நிற்கும்படி பார்த்துக்கொள்வேன். இளையவள் ஒருநாள் பொறுக்க மாட்டாமல் சொன்னாள்: "அண்ணே, நீ குடுத்தது கழுத்துல கெடக்கு, நீ சொன்னது காதுல கெடக்கு." அப்போது கோபம்தான் வந்தது. பாரியின் கீழறையில் நின்றபோது, அந்த அப்பனுக்கு நிக்கோலாஸ் கொடுத்த பெரிய பொருள் தங்கம் இல்லையோ என்று பட்டது. ஊர் வாயில் விழாமல் அந்த மனிதனைக் காப்பாற்றியிருக்கிறார்.

சரி, இதெல்லாம் நடந்ததா? சாமியாரிடமே கேட்டேன். அவர் மழுப்பவில்லை. நிக்கோலாஸ் இறந்தது டிசம்பர் 6, சுமார் 343இல் என்பது மரபு. அவர் எழுதியதாக ஒரு வரிகூட இல்லை. முழு வரலாறாக அவரைப் பற்றி எழுதியது பல நூற்றாண்டு கழித்துத்தான். இதற்கிடையில் அதே லீக்கியாவில் நிக்கோலாஸ் என்று இன்னொரு ஆயர், சீயோன் மடத்துக்காரர், 564இல் இறந்தவர். அவர் கதைகளும் இவர் கணக்கில் ஏறிவிட்டன. இவரைப் பற்றிய கதைகளில் மிகப் பழையது, லஞ்சம் வாங்கிய ஆளுநர் மரண தண்டனை விதித்த மூன்று அப்பாவிகளை, கொலைக்களத்துக்கே ஓடிப்போய் வாளைப் பிடுங்கிக் காப்பாற்றியது. நம் பிள்ளைகளிடம் யாரும் சொல்லாத கதையும் அதுதான். 325இல் ஆயர்கள் கூடிய நீசேயா சங்கத்தில், கிறிஸ்து பிதாவுக்கு இணையானவர் இல்லை என்று போதித்த ஆரியுஸை அறைந்தார் என்று டிசம்பர் வந்தால் போனில் சுற்றுகிறதே, அது இடைக்காலத்தில் மிகவும் பிந்தி வந்து ஒட்டிக்கொண்டது. சங்கத்துக்கு வந்த ஆயர்களின் பழைய பட்டியல்கள் பலவற்றில் அவர் பெயரே இல்லை. மறைக்கல்வி எடுக்கிறவர்கள் அறைந்த கதையை விட்டுவிட்டு வாளைப் பிடுங்கிய கதையைச் சொல்லலாம் என்பது என் கட்சி.

துருக்கியில் இறந்தவர் இத்தாலிக்கு எப்படி வந்தார்? இங்கேதான் நம்ம ஆட்கள், அதாவது கப்பல்காரர்கள், வருகிறார்கள். 1087இல் பாரி வணிகர்கள் அந்தியோக்கியாவுக்குத் தானியம் கொண்டுபோய் விற்றுவிட்டுத் திரும்பும் வழியில் மீராவில் இறங்கினார்கள். காவலுக்கு இருந்த துறவிகளை மடக்கி, கல்லறை மூடியை இரும்பால் உடைத்து, எலும்புகளை அள்ளிக்கொண்டு கடலில் இறங்கிவிட்டார்கள். மொத்தம் 62 பேர் என்று பட்டியலே இருக்கிறது. வெனிஸ்காரர்கள் முந்திக்கொள்ளப் போகிறார்கள் என்ற அவசரம் வேறு. மே 9 அன்று பாரி வந்து சேர்ந்தார்கள். எலும்புகளைப் பேராலயத்துக்குத் தர மாட்டோம், தனிக் கோயில்தான் கட்டுவோம் என்று ஊரில் அடிதடி நடந்து ஆளே செத்திருக்கிறது. நடுவில் நின்று பொறுப்பேற்றவர் எலியா என்ற மடாதிபதி. 1089இல் போப் இரண்டாம் உர்பான் நேரில் வந்து எலும்புகளைக் கீழறையில் வைத்தார்.

பச்சையாகச் சொன்னால் திருட்டு. சாமியார் 'இடமாற்றம்' என்ற சொல்லைத்தான் பயன்படுத்தினார். செல்ஜூக் துருக்கியர் கையிலிருந்து காப்பாற்றினோம் என்பது பாரியின் வாதம். துருக்கியில் எலும்பு இங்கேயே இருக்கிறது என்று சொல்பவர்களும் உண்டு. பாரிக்காரர்கள் அவசரத்தில் விட்டுவிட்டுப் போன சின்னத் துண்டுகளைப் பிறகு வெனிஸ்காரர்கள் பொறுக்கிக்கொண்டு போய் லீதோ தீவில் வைத்துவிட்டார்கள். 1950களில் கீழறையைப் பழுது பார்த்தபோது லூயிஜி மார்த்தினோ என்ற உடற்கூறு பேராசிரியர் பாரி எலும்புகளை அளந்து பதிவு செய்தார். 1992இல் வெனிஸ் துண்டுகளைப் பார்த்தபோது, இரண்டும் ஒரே ஆளுடையதாகப் பொருந்தி வந்தன.

எட்டாம் தேதி காலை ஆறு மணிக்கு வாட்ச் முடிந்ததும் தூங்காமல் ஓடினேன். சந்துகளில் நகர முடியவில்லை. அப்ருட்சோ மலைப்பக்கத்திலிருந்து கையில் கோல் பிடித்துப் பாடிக்கொண்டு வந்த கூட்டம் ஒரு பக்கம், பேண்டு வாத்தியம் ஒரு பக்கம். சுரூபத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு கடலை நோக்கி வந்தார்கள். ஆயரின் தொப்பி, கையில் புத்தகம், அதன் மேல் மூன்று தங்க உருண்டைகள். முகம் கறுப்பு. நல்ல கறுப்பு, எங்கள் கடற்கரை வெயிலில் வலை இழுத்த முகம் மாதிரி. பாரிக்காரர்கள் தங்கள் புனிதரைப் பற்றி ஒன்று சொல்வார்கள்: நிக்கோலா வெளியூர்க்காரர்களின் நேசன். உள்ளூர் ஆட்களை விட வந்தவர்களுக்குத்தான் அதிகம் செய்கிறார் என்ற லேசான மனத்தாங்கலும் அதில் உண்டு. சுரூபத்தைப் படகில் ஏற்றியதும் சின்னப் படகுகள் சூழ்ந்துகொண்டன. கரையில் நின்ற ஒரு கிழவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு அழுதார். பனிமய மாதா தேர் நகரும்போது என் அப்பா அழுவதைப் பார்த்திருக்கிறேன். அதே அழுகை.

அன்றைக்குப் பசிலிக்காவுக்குள் நுழையப் பார்த்து ஒன்றரை மணி நேரம் வீணானது. கல்லறையை நிதானமாகப் பார்க்க வேண்டுமானால் எட்டாம் தேதியை விட்டுவிடுங்கள். ஒன்பதாம் தேதி காலை ஏழு மணிக்குப் போனபோது இருபது பேர்கூட இல்லை. வியாழக்கிழமைகளில் கீழறையில் ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் வழிபாடு நடக்கும். நீளமானது, பாட்டு அருமை, ஓரமாக நின்று கேட்கலாம். ரஷ்யர்கள் பழைய நாட்காட்டிப்படி மே 22இல்தான் இந்தத் திருநாளைக் கொண்டாடுவதால் அப்போதும் கூட்டம் உண்டு. இந்த எலும்புகளின் மீது அவர்களுக்கு அவ்வளவு ஆசை. 2017இல் ஒரு விலா எலும்பை மாஸ்கோவுக்கும் பீட்டர்ஸ்பர்க்குக்கும் கொண்டுபோனபோது 20 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வரிசையில் நின்றார்கள்.

சாப்பாட்டுக்குக் கவலை வேண்டாம். சோளமாவுக் களியைக் கிண்டி, ஆறவைத்து, துண்டு போட்டு எண்ணெயில் பொரித்து உப்புத் தூவித் தருகிறார்கள். 'ஸ்கல்யொட்சே' என்று பெயர். நம்ம பஜ்ஜிக் கடைதான், சட்னி மட்டும் இல்லை. சில்லறைக் காசு கையில் வைத்துக்கொள்ளுங்கள். கூட்டத்தில் பர்ஸை முன்பையில் வையுங்கள். எங்கள் ஆயில்மேன் ஒருவர் பின்பையில் வைத்து இழந்தார், ஷோர் பாஸும் அதோடு போய்விட்டது. கேட்டில் இரண்டு மணி நேரம் நிற்க வைத்துவிட்டார்கள். பாஸை ஒரு பையில், பணத்தை இன்னொரு பையில் வைப்பது உத்தமம்.

ஒன்பதாம் தேதி சாயங்காலம்தான் முக்கியமான சடங்கு. கல்லறைக்குள் சுரக்கும் நீரை, 'மன்னா' என்கிறார்கள், கோயில் அதிபர் குனிந்து கைவிட்டு எடுப்பார். எனக்கு ஆறு மணி வரை வாட்ச். பாயை அனுப்பினேன். திரும்பி வந்து, "ஸம்ஸம் மாதிரி பீப்பா பீப்பாயா வருதாக்கும்னு நெனச்சேன் சார், கொஞ்சூண்டுதான்" என்றார். ஸம்ஸம் என்றால் மக்காவின் புனித ஊற்று. அந்தக் கொஞ்சத்தைத் தீர்த்தத்தில் கலந்துதான் சின்னப் புட்டிகளில் தருகிறார்கள். புட்டியில் இருப்பது முழுக்கக் கல்லறை நீர் என்று நினைக்க வேண்டாம், இதை அங்கே யாரும் ஒளிப்பதும் இல்லை. ஆய்வு செய்து பார்த்ததில் தண்ணீர்தான். கடலுக்குப் பக்கத்தில் இருக்கும் கீழறை, ஈரம் கசிவதில் என்ன அதிசயம் என்று கேட்பவர்களும் உண்டு. புட்டியை விமானத்தில் கைப்பையில் கொண்டுவருகிறவர்கள் 100 மில்லிக்கு உட்பட்டதாகப் பார்த்து வாங்குங்கள், இல்லையென்றால் பல விமான நிலையங்களில் செக்கிங்கில் போய்விடும்.

பத்தாம் தேதி மழை. கோதுமை நனையக் கூடாது என்று சரக்கறை வாயான ஹேட்சை மூடிக் காத்திருந்தோம். பதினொன்றாம் தேதி கிரேன் வாளியில் கடைசி கிராப் இறக்கி, சரக்கறையைக் கூட்டிப் பெருக்கி, சர்வேயர் படகில் போய் டிராஃப்ட் படித்துவிட்டு வந்தார். 31 டன் குறைவு. அரை சதவீதத்துக்குள்தான். சீஃப் ஆபீசர் கையெழுத்துப் போட்டுவிட்டு அன்றைக்கு ராத்திரி பத்து மணி நேரம் தூங்கினார்.

கான்ட்ராக்ட் முடிந்து வீட்டுக்கு வந்து அந்தப் புட்டியை அம்மா கையில் கொடுத்தேன். இளையவளும் வந்திருந்தாள். அம்மா அதை வேளாங்கண்ணி எண்ணெய்ப் புட்டிக்குப் பக்கத்தில் வைத்துக் கும்பிட்டுவிட்டு, வழக்கம்போலத் திரும்பிக் கேட்டாள்: "எவ்வளவுல குடுத்த?"

தங்கச்சி என் முகத்தையே பார்த்தாள்.

"சும்மாதாம்மா குடுத்தாவ" என்றேன்.